இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை

அப்பா ரிடையர் ஆவதற்கு எட்டு மாதம் இருக்கும்போது கிராஃப் நோட்டில் ஒரு பட்டியல் போட்டேன். பதினேழு வரிகள். போர்வெல், மின் இணைப்பு, அஸ்திவாரம், கூரை, கழிவுநீர்த் தொட்டி, பீரோவை எந்த வழியாக உள்ளே கொண்டுபோவது என்று வரிசையாக இறங்கி, பதினேழாவது வரியில் ‘அம்மா’ என்று மட்டும் எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தேன். மற்ற பதினாறையும் யாரைக் கேட்டு, எந்தச் சாமானை வாங்கி முடிப்பது என்று எனக்குத் தெரியும். சிவில் டிப்ளமோ படித்தவள். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் கட்டடப் பராமரிப்பு கான்ட்ராக்டில் சூப்பர்வைசராக நான்கு வருடம் ஏணி ஏறி இறங்கியவள். பதினேழாவது வரிக்கு மட்டும் என்னிடம் எந்த முறையும் இல்லை.

விஷயம் இதுதான். அப்பா ஓய்வு பெற்ற சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முத்தாண்டிக்குப்பம் பக்கம் அவர் முன்பே முப்பது சென்ட் முந்திரித் தோப்பு வாங்கிப் போட்டிருந்தார். அதில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு அம்மாவோடு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

“நீங்க தோப்புல இருங்க. நான் பெரியவன்கிட்ட ஓசூர் போறேன்.”

கோபமே இல்லை. நைட் டூட்டிக்குக் கிளம்புகிறேன் என்று சொல்கிற அதே குரல். அப்பாவும் “சரிம்மா” என்றார். ஓசூரில் அண்ணன் அம்மாவுக்காக ஓர் அறையைக் காலி செய்ய ஆரம்பித்தான். சண்டை என்றால் நடுவில் போய்ச் சமாதானம் செய்யலாம். இதில் நடுவே போய் நிற்க இடமே இல்லை. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள், அப்படியே பிரிந்து இரண்டு ஊருக்குப் போய்விடுவார்கள் போலிருந்தது.

வீடு சின்னது என்பதால்தான் அம்மா வர மறுக்கிறாள் என்று நான் நினைத்தேன். அதனால் சின்ன வீட்டை எவ்வளவு நன்றாகக் கட்ட முடியுமோ அவ்வளவு நன்றாகக் கட்டிக் காட்டிவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டின் ஏற்பாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா மைன்ஸில் மெஷின் ஆப்பரேட்டர். அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் ஷிப்ட். அண்ணன் பிறந்தபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வருவதற்கு யாரும் இல்லை. ஒருவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றவர் கிளம்புவது என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். அப்பா இரவில் வீட்டில் இருக்கும் வாரங்களில் அம்மா நைட் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். நைட் டூட்டியைக் கேட்டு வாங்குகிறவளுக்கு எந்த வார்டிலும் மறுப்பு இருக்காது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரம் அம்மாவுக்குப் பகல். வார விடுமுறைகூட ஒரே நாளில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்குப் பிறகு நான். நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்து, பூட்டிய வீட்டைத் திறந்து சோறு போட்டுச் சாப்பிடுகிற வயது வந்த பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அம்மா கேட்டில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பாள். பத்து நிமிடம் பேச்சு. மீதியெல்லாம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில். கிழித்த தாளில் எழுதி, பிரிட்ஜ் கைப்பிடியில் துணி கிளிப்பால் மாட்டிவிடுவார்கள். ‘சின்னவளுக்கு ஜுரம். மாத்திரை எட்டு மணிக்கு.’ ‘ரசம் இருக்கு. குழம்பு கெட்டுப்போச்சு.’ ‘பகலில் தூக்கமே வரவில்லை. பால்காரரை மெதுவாகக் கூப்பிடச் சொல்லவும்.’ அப்பா எழுதும் தாளில் மட்டும் கீழே நேரமும் கையெழுத்தும் இருக்கும். மெஷினில் லாக் புத்தகம் எழுதிய பழக்கம்.

எங்களுக்கு அது விசித்திரமாகத் தெரிந்ததே இல்லை. பிளாக்கில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். தாழ்ந்த குரலில் பேசுவதும், குக்கர் விசில் வருவதற்குள் அடுப்பை நிறுத்துவதும் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும்.

தோப்பின் நடுவில் நான்கு முந்திரி மரங்களுக்கு இடையே ஒரு திட்டு இருந்தது. மரங்களின் கிளைகள் தாழ்ந்து பரவி, இடுப்புயரத்தில் தரையை நோக்கி வளைந்திருந்தன. ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். டேப் பிடித்துப் பார்த்தேன். உள்ளளவு பதினெட்டுக்குப் பதினான்கு அடி. அதற்கு மேல் ஒரு செங்கல் வைக்க முடியாது.

“போதுமாப்பா?” என்று கேட்டேன்.

“முப்பது வருசம் ஆறுக்கு ஆறு கேபின்ல குந்திக்கினு இருந்தவன் நானு. எனக்கு இது மைதானம் பாப்பா,” என்றார்.

வரைபடம் போட்டு முடித்ததும் குவார்ட்டர்ஸின் பின்பக்கத் திடலில் அதை முழு அளவில் கோடு போட்டேன். வாலிபால் கோர்ட்டுக்குப் போடும் சுண்ணாம்புத் தூள். சுவர், கதவு, சமையல் மேடை, பாத்ரூம், கட்டில், எல்லாம் தரையில் வெள்ளைக் கோடுகள். அப்பா ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு முறையாக வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தார். சமையல் மேடையிலிருந்து தண்ணீர் எடுப்பதுபோல் கை நீட்டிப் பார்த்தார். கட்டில் கோட்டுக்குள் குந்தி, எழுந்து, பாத்ரூமுக்கு எத்தனை அடி என்று நடந்து எண்ணினார். “ஏழு. ராத்திரிக்கு வசதி,” என்றார்.

அந்த நேரத்தில் அம்மா கொடியில் காயும் துணியை எடுக்க வந்தாள். சமையலறைச் சுவரை மிதித்து உள்ளே வந்து, பாத்ரூமுக்குள் புகுந்து, பின்சுவர் வழியாக வெளியே போனாள்.

“அம்மா, அது சுவர்.”

“தெரியுதுடி. மழை வர்ற மாதிரி இருக்கு.”

“பாத்ரூம்ல நொழையறப்ப தட்டிட்டு வரக்கூடாதாம்மா?” என்று அப்பா நாற்காலியிலிருந்து கேட்டார். அம்மா துணியை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி இரண்டு சுவர்களைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டாள். கோட்டில் அவள் செருப்புத் தடம் பட்டு, சமையலறைக்கும் வெளிக்கும் நடுவே புதிதாக ஒரு வாசல் திறந்திருந்தது.

தை பிறந்ததும் வேலை ஆரம்பித்தோம். முத்தாண்டிக்குப்பத்து மேஸ்திரி ஒருவர். அவரோடு சித்தாளாக கம்மாபுரத்திலிருந்து வரும் ஓர் அக்கா. இன்னும் இரண்டு ஆட்கள். சுவருக்கு சாம்பல் கல். எங்கள் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பலில் செய்யும் செங்கல் சுலபமாகக் கிடைக்கும், அளவும் பிசகாது. கூரைக்கு நடுவில் பஞ்சுபோன்ற பொருள் அடைத்த இரட்டைத் தகடு, வெயில் இறங்காது. புயலுக்குக் கூரை பறக்காமலிருக்க, சுவரின் உச்சி பெல்ட் கான்கிரீட்டில் இரண்டடிக்கு ஒரு போல்ட் பதித்தேன். மேஸ்திரிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“மேடம், இத்தினி போல்டு போட்டா வூடு பறக்காது. பூமியோட சேந்துதான் பறக்கும்.”

“பறக்கட்டும் மேஸ்திரி. தனியாப் பறக்கக் கூடாது.”

“வாட்ச்மேன் ரூமு அளவுக்கு இவ்ளோ பிளானு போட்ட ஆளு நீங்கதான் மேடம்.”

சின்ன வீட்டில் தப்பு செய்ய இடம் கிடையாது என்பதை அந்த நாட்களில் கற்றுக்கொண்டேன். பெரிய வீட்டில் கதவு தப்பான பக்கம் திறந்தால் சுற்றிக்கொண்டு போகலாம். இங்கே கதவும் பீரோவும் ஒரே இடத்தைக் கேட்கும். அதனால் கதவைச் சுவரோடு நகரும் கதவாக்கினேன். சாப்பிடும் பலகையைச் சுவரில் கீல் போட்டு மடக்கினேன். வாசல்படிமேல், பழைய சாமான் கடையில் வாங்கிய கன்வேயர் பெல்ட் ரப்பரை வெட்டிப் பதித்தேன். மழையில் வழுக்காது. கட்டிலுக்குத் தனி மரச்சாமான் வேண்டாம் என்று சுவரோரம் செங்கல் கால் எழுப்பி, மேலே கடப்பைக்கல் போட்டு, அடியில் பெட்டிகள் வைக்கும்படி வரைந்திருந்தேன். ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம். வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஓர் அங்குலம்கூட வீண் இல்லை.

சுவர் மார்பளவு எழும்பியிருந்த ஒரு மதியம், சித்தாளக்கா அந்தக் கட்டில் காலின் மேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். மேஸ்திரி எதிரே மணல் குவியலில். நான் சுவர் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இஞ்சினியரம்மா, இது என்னா, சாமான் அடுக்கற மேடையா?”

“கட்டில்க்கா. மேல கல்லு வரும், அதுமேல மெத்தை.”

“யாருக்கு?”

“அப்பா அம்மாவுக்கு.”

அவர் எச்சில் படாத இடது கையை விரித்து, சாண் சாணாக அகலத்தை அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார். “மூணடிதான இருக்குது. ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிக்கினு படுப்பாங்களா?”

மேஸ்திரிக்குச் சோறு புரையேறியது.

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். “ரெண்டு பேருக்கு எதுக்குக்கா? அப்பா படுக்கறப்ப அம்மா டூட்டிக்குப் போயிருப்பாங்க.”

“ரிட்டேராயி வராங்கன்னு சொன்ன? அம்மாவும் வேலைய வுடறாங்கன்னு சொன்ன? அப்புறம் எந்த டூட்டிக்குப் போவாங்க, முந்திரி மரத்துக்கு ஊசி போடவா?”

மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டு நானும் மணலில் உட்கார்ந்தேன்.

குவார்ட்டர்ஸில் ஒரே ஓர் இரும்புக் கட்டில். தூங்குகிறவர் அதில் தூங்குவார். அவர் எழுந்து போன பிறகு, மற்றவர் வந்து போர்வையை உதறிவிட்டு அதே கட்டிலில் தூங்குவார். அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் தூங்கி நான் பார்த்த நாள் எது என்று நினைவில் தேடினேன். பொங்கல்? அப்பா டூட்டியில் இருப்பார். ரயில் பயணம்? ஒருவர் படுத்தால் மற்றவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அம்மை போட்டிருந்தபோது? அப்போதும் முறை வைத்துத்தான் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருப்பார் என்பது எனக்கு, தண்ணீர் கீழ்நோக்கி ஓடும் என்பதுபோல் ஒரு விதி. வரையும்போது அதைக் கேள்வி கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. அவள் பயந்தது பதினெட்டுக்குப் பதினான்கைப் பார்த்து அல்ல.

கட்டில் காலை அன்றே உடைக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் அதற்குப் பதில் எதைக் கட்டுவது என்று தெரியவில்லை. அகலமாக ஒன்றா, தனித்தனியாக இரண்டா? பெற்ற மகள் அதை எப்படிக் கேட்பது? மூன்று விதமாக வாக்கியம் எழுதிப் பார்த்தேன், மூன்றையும் அடித்தேன். கடைசியில் அம்மாவிடம் வேலை விஷயம்போலக் கேட்டேன்.

“கட்டில் அளவு தப்பாயிடுச்சும்மா. உடைச்சாச்சு. நீ வந்து பாத்து எப்படிப் போடணும்னு சொல்லு.”

“என்னை எதுக்குக் கேக்கற? நான்தான் வரலியே.”

“சரி, ரெண்டு பேஷன்ட் இருக்கற ரூம்னு நெனச்சுக்கோ. நர்ஸா வந்து சொல்லு.”

 அடுத்த விடுமுறை நாளில் அவள் என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தோப்புக்கு வந்ததும் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். இந்தத் தடவை வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தாள். சுவர் எழும்பிவிட்டதால் வேறு வழி இல்லை. நடுவில் நின்று, வார்டில் கட்டில்களை எண்ணும் பார்வையால் நான்கு மூலையையும் பார்த்தாள்.

“ரெண்டு கட்டில் போடு. தனித்தனியா. நடுவுல மூணடி விடு, ட்ராலி போகணும்.”

“இங்க எந்த ட்ராலிம்மா?”

“போகணும்னா போகணும். ஆளுக்கொரு ஜன்னல். ஆளுக்கொரு லைட், ஆளுக்கொரு சுவிட்ச். அவர் படுத்துக்கிட்டே ரொம்ப நேரம் பேப்பர் படிப்பார்னு கேள்விப்பட்டிருக்கேன்.”

“கேள்விப்பட்டிருக்கியா?”

“பக்கத்து வீட்ல சொல்லியிருக்காங்க.” இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை நிறுத்திக்கொண்டாள். “நடுவுல ஒரு ஸ்கிரீன். மேல கம்பி போட்டு, வளையத்துல தொங்கணும். இழுத்தா முழுசா மூடணும்.”

சித்தாளக்கா சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஸ்கிரீனு இழுக்கற கவுறு யாரு பக்கம்மா?”

“என் பக்கம்,” என்றாள் அம்மா.

“அதான் சரி,” என்று அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் கிராஃப் நோட்டில் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னலுக்கு விட்டிருந்த இடைவெளியில் கையை ஊன்றி மரத்தைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அந்த மனுஷன்கூட நான் ஒரு நாள் முழுசா இருந்ததில்லடி. நல்லவரா இருக்கலாம். யாருக்குத் தெரியும்?”

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். அவள் அதற்குள் வேறு குரலுக்கு மாறியிருந்தாள். “ஒரு மாசம் இருந்து பாக்கறேன். பையைப் பிரிக்க மாட்டேன். சரிப்படலேன்னா ஓசூர். அப்ப நீ எதுவும் பேசக் கூடாது.”

“பேச மாட்டேம்மா.”

பதினேழாவது வரியில் கேள்விக்குறி அப்படியே இருந்தது. பக்கத்தில் ‘ஒரு மாதம்’ என்று சேர்த்தேன்.

அப்பாவிடம் மாற்றத்தைச் சொன்னபோது அவர் திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்தார். “என் பக்கத்து லைட்டு சின்னதா போடு. வெளிச்சம் அவங்க மேல வுழாத மாதிரி மூடி வெச்சி போடு. அவங்களுக்குத் தூக்கம் லேசு.”

“உனக்கு எப்படிப்பா தெரியும்?”

“சீட்டுல எழுதுவாங்களே,” என்றார்.

அப்பா ரிடையர் ஆனார். சால்வை, மாலை, பெரிய எவர்சில்வர் குத்துவிளக்கு, மைன்ஸ் நண்பர்களின் உரத்த சிரிப்பு எல்லாம் முடிந்தது. அம்மாவும் அதே மாதம் வேலையை விட்டாள். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும் நாளில் சரிபார்க்க வந்தவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஃபேன், குழாய், சுவிட்ச், ஜன்னல் கொக்கி என்று என்னுடையதைவிட நல்ல பட்டியல். எல்லாம் இருந்தன. சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கழுத்து வலி போனதுபோல் இருந்தது. சின்ன வயதிலிருந்து, இந்த வீட்டை ஒருநாள் விட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வளர்ந்திருந்தேன். அந்த நாள் வந்து, முடிந்தும் போய்விட்டது.

அம்மாவின் பை நீல நிறம், பக்கவாட்டில் ஜிப் வைத்தது. புது வீட்டில் அதைக் கதவருகே வைத்தாள். துவைத்த புடவைகளை மடித்து மறுபடியும் அந்தப் பைக்குள்ளேயே வைத்தாள். கட்டிலடியில் நான் செய்துவைத்த பெட்டிகளில் அவளுடைய பெட்டி காலியாகவே இருந்தது.

நான் மந்தாரக்குப்பத்தில் தோழியோடு ஓர் அறை எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் தோப்புக்குப் போனேன். மற்ற நாட்களில் போனில் செய்தி வரும். முதல் வாரம் புகார்.

“உங்கப்பா பண்றது கேளு. நான் இந்தக் கட்டில்ல உக்காந்திருக்கேன். அவர் அந்தக் கட்டில்ல. காலண்டர் தாளைக் கிழிச்சு, காபி வேணுமான்னு எழுதி நீட்டறார்.”

“நீ என்ன பண்ண?”

“அரை டம்ளர்னு எழுதிக் கொடுத்தேன்.”

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. “சக்கரை இல்லாமன்னு எழுதல, அதையும் சொல்லுங்க.”

அந்த வாரம் முழுவதும் திரை பகலிலும் மூடியே கிடந்ததாம். இரண்டு பேரும் தூங்குவதும் சரியாக இல்லை. அப்பா மாலை ஆறு மணிக்குத் தூங்கி, ஊர் அடங்கிய பிறகு எழுந்து உட்காருவார். அம்மா விடிந்த பிறகு கண்ணை மூடுவாள். பகல் உணவுக்கு ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்து வெளியே போய் மரத்தடியில் நிற்பது என்று, பழைய ஷிப்டைச் சொல்லிக்கொள்ளாமலே தொடர்ந்தார்கள்.

இரண்டாவது வாரம் ஃபேன் சண்டை. அப்பாவுக்கு ஐந்தில் ஓட வேண்டும், அம்மாவுக்கு இரண்டுக்கு மேல் ஆகாது. “ஊரே கேக்கற மாதிரி கத்தறாங்க,” என்று அப்பா ரகசியமாகப் போனில் சொன்னார். எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. அவர்கள் சத்தம் போட்டுச் சண்டை போட்டு நான் கேட்டதே இல்லை. வீட்டில் எப்போதும் யாராவது தூங்கிக்கொண்டிருந்தார்களே. ஆளுக்கொரு லைட் கொடுத்த நான் ஆளுக்கொரு ஃபேன் யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு சுவரில் இரண்டு சின்ன ஃபேன் மாட்டினேன்.

மூன்றாவது வாரம் செய்தியே இல்லை. நானாகக் கூப்பிட்டால் அம்மா “இருக்கோம்” என்று வைத்துவிட்டாள். அந்த வாரம்தான் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஓசூரிலிருந்து அண்ணன் கேட்டான். “ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. கட்டில் வாங்கவா, வேணாமா?” ஞாயிறு வரை பொறு என்றேன்.

நான்காவது ஞாயிறு மதியம் இரண்டே காலுக்குத் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆடிக் காற்று முந்திரி இலைகளைச் சளசளவென்று அடித்துக்கொண்டிருந்தது. கேட்டைத் திறந்து “அம்மா” என்றேன். பதில் இல்லை. “அப்பா.” அதற்கும் இல்லை. கதவு உள்ளே தாழ். கதவருகே உள்ளே பை இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு அப்பாவின் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

இரண்டு பேரும் படுத்திருந்தார்கள். இரண்டு பேரும் அசையவில்லை.

 சமையல் எரிவாயுவா என்றுதான் முதலில் தோன்றியது. ரெகுலேட்டரைப் பார்த்தேன், மூடியிருந்தது. நான்கு ஜன்னலும் திறந்திருந்தன. பிறகு அப்பாவின் மார்பைப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது. அம்மாவுடையதைப் பார்த்தேன். அதுவும் ஏறியது, கொஞ்சம் மெதுவாக. அப்பா குறட்டை விட்டார். அம்மா தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தாள், எழுந்திருக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். அப்பா நான்கு மூச்சு விடுவதற்குள் அம்மா மூன்று. 

திரை முழுவதும் சுவரோரம் ஒதுக்கி, துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. மூடினால் மேற்கிலிருந்து வீசும் காற்று அடுத்த கட்டிலுக்கு வராது. நான் வரையும்போது கவனிக்காத இன்னொரு விஷயம். கதவருகே பை இல்லை. தேடினேன். சமையல் மேடைக்கு மேலே கொக்கியில் தொங்கியது. பக்கவாட்டு ஜிப் திறந்து, சீசனின் கடைசி முந்திரிக்கொட்டைகள் தெரிந்தன.

மெதுவாக வாசல் பக்கம் திரும்பி வந்து ரப்பர் படியில் உட்கார்ந்தேன். காலடியில் ஒரு காலண்டர் தாள் கிடந்தது. கதவில் மாட்டியிருந்த கிளிப்பிலிருந்து காற்று பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். அம்மாவின் எழுத்து.

‘ரெண்டு பேரும் தூங்கறோம். எழுப்பாதே. மோர் பின் ஜன்னல்ல இருக்கு.’

அதன் கீழே அப்பாவின் எழுத்தில், 1.40, கையெழுத்து.

மோரை எடுத்து வந்து குடித்தேன். உப்பு கொஞ்சம் அதிகம். பதினேழாவது வரியை அடிக்கலாம் என்று பையில் கிராஃப் நோட்டைத் தேடினேன். அதை மந்தாரக்குப்பத்து அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பரவாயில்லை என்று போனை எடுத்தேன்.

“அண்ணா, கட்டில் வாங்காத. ரூம்ல உன் சாமானையே எடுத்து வெச்சுக்கோ.”

“ஏன், என்ன ஆச்சு? ஏன் இப்படி மெதுவாப் பேசற?”

“தூங்கறாங்க.”

“யாரு?”

“ரெண்டு பேரும்.”

 அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்துவது கேட்டது. பிறகு ஓசூரில் இருந்துகொண்டு அண்ணனும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“ஒரே நேரத்துலயா?”